மாமா மூடாமல் விட்ட குழிகள்

மழை வருவதற்கு முதல் நாளே என் மேசையில் இருக்கும் கல் வியர்க்கத் தொடங்கிவிடும். ஒரு சாண் நீளமுள்ள உருளை அது. வீதியைத் துளையிட்டு எடுத்த துண்டு. மேற்புறம் கறுப்பு. அதன் கீழே சாம்பல் நிறச் சீமெந்து. சீமெந்துக்குள் சிவப்பு ஓட்டுத் துண்டுகளும் வெள்ளைச் சிப்பிகளும் இறைச்சித் துண்டில் கொழுப்பு ஓடுவதுபோல ஓடிக்கிடக்கும். கடல்நீர் புகும் களப்பின் கரை மணலில் குழைத்த சீமெந்து என்பதால் உப்பு இன்னும் அதை விட்டுப் போகவில்லை. காற்றில் ஈரம் ஏறும்போது கல் நனைகிறது. காய்ந்த பிறகு அதன் மேல் வெள்ளைப் பூச்சு பூக்கிறது. அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்கள் இதை ஏதோ ஆராய்ச்சிக்கான மாதிரி என்று நினைப்பார்கள். ஒரு வகையில் அது சரிதான். என் மாமாவின் கைவேலை அது.

உம்மாவின் தம்பி அவர். எங்கள் ஊர் மாம்புரிக்கு அப்பால், பிரதான வீதியிலிருந்து களப்புப் பக்கம் இறங்கும் கிளை வீதியின் முடிவில் இருக்கிறது. அந்த வீதியால் பூசணியும் மிளகாயும் வெங்காயமும் மாமாவின் லொறியில் ஏறித் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் அவர் இருந்தார். சத்தமாகக் கதைப்பார், சத்தமாகச் சிரிப்பார், விருந்தாளி வந்தால் அயல் வீட்டுக் கதிரைகளையும் சேர்த்து இழுத்துவந்து போடுவார். எங்கள் குடும்பத்தில் பாடசாலையை முழுதாக முடித்து அதற்கு மேலும் படித்தவன் நான் ஒருவன்தான். எனக்கு வேலை கிடைத்த பிறகு என் பெயரை அவர் மறந்தேபோனார். ஊருக்கெல்லாம் நான் "எங்கட எஞ்சினியர்". நான் வெறும் ஆராய்ச்சி உதவியாளன் என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். "அது என்னத்துக்கு ஊருக்கு?" என்பார்.

எங்கள் ஆராய்ச்சி, வீதிகள் எப்படிக் கெடுகின்றன என்பது பற்றியது. மனித உடம்பைப் போலத்தான் வீதியும். கெட்டுப்போவது முதலில் வெளியே தெரியாது. மேலே தார் பளபளக்கும்போதே அடியில் கிரவல் மண் இளகத் தொடங்கியிருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை. வீதியின் இரு பக்கமும் தோட்டம். மணல் நிலம் என்பதால் காலையிலும் மாலையிலும் ஸ்பிரிங்க்ளர் சுற்றும். சுற்றுகிற தண்ணீரில் பாதி பயிருக்கு, பாதி வீதிக்கு. தாரில் மயிர் போல ஒரு வெடிப்பு இருந்தால் போதும், அதற்குள் தண்ணீர் இறங்கும். அதன் மேல் பாரம் ஏற்றிய லொறி ஒன்று போனால், அடியிலிருக்கும் மண்ணைப் பம்ப் அடிப்பதுபோல வெளியே தள்ளிவிடும். எங்கள் வீதி அப்படித்தான் செத்தது. அடிக்கொரு குழி. முச்சக்கரவண்டிக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

எங்கள் ஊர் இருக்கும் குடாநாட்டின் வீதிகளையெல்லாம் அளந்து, எதை எப்போது திருத்துவது என்று பல வருடங்களுக்கான திட்டம் ஒன்று தயாரிக்கும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது. மேடுபள்ளத்தை அளக்கும் லேசர் பொருத்திய வேன் ஒன்று வீதியில் ஓடும். உள்ளே திரையில் ஒவ்வொரு துண்டு வீதிக்கும் நிறம் விழும். பச்சை விழுந்தால் அந்த வீதியைத் தொடவேண்டாம். மஞ்சள் விழுந்தால் மேலே மெல்லிய தார்ப் பூச்சு. சிவப்பு விழுந்தால் தோண்டி, அடியிலிருந்து திரும்பக் கட்டவேண்டும். பூச்சுப் போட்ட வீதி திட்டத்தில் "முடிந்தது" என்று ஆகிவிடும். அதன் அடுத்த முறை வருவதற்கு வருடங்கள் ஆகும். ஆகவே உள்ளே உளுத்த ஒரு வீதிக்கு வரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து மஞ்சள்தான். ஒரு மாரிக்குத் தாங்காத பூச்சைப் போட்டு அதைக் கைகழுவி விடுவார்கள்.

எங்கள் குழுத் தலைவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், சிரிப்புக்குச் செலவழிக்க விரும்பாத முகம். குடாநாட்டுக்குப் புறப்படுவதற்கு முன்னமே என்னைத் தனியே கூப்பிட்டு, "நீர் அந்தப் பக்கம்தானே?" என்று கேட்டார்.

"ஓம் சேர்."

"அப்ப உம்மட ஊர் ரோட்டில நீர் வாய் திறக்கக் கூடாது. அளவுகோலைப் பிடியும். வாசிக்கிறதை மற்றவர் வாசிக்கட்டும். நல்லது எண்டும் சொல்லாதேயும், கெட்டது எண்டும் சொல்லாதேயும். விளங்குதா?"

விளங்கியது. அது நியாயம் என்றும் பட்டது.

வேன் வருகிற நாளை கிராம சேவகர் ஊருக்கு அறிவித்திருந்தார். அந்தக் காலையில் வாகனங்களை வீதியோரம் நிறுத்தவேண்டாம் என்று. அறிவித்தல் மாமாவின் காதில் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. தன் மருமகன் பெரிய ஆட்களோடு வேனில் ஊருக்கு வருகிறான். வருகிறவர்களை இந்தக் குழிகளுக்குள் குலுக்கியா கூட்டிவருவது? விருந்தாளி வருகிற வீட்டு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பதில்லையா? பள்ளிவாசல் கூரையிலிருந்து கழற்றிய பழைய ஓடுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றை உடைத்து லொறியில் ஏற்றினார். களப்புக் கரையிலிருந்து சிப்பியும் மணலும் வந்தன. சீமெந்து அவர் கைக்காசு. இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் எல்லை வரை ஒவ்வொரு குழியாக மூடி, மட்டம் பிடித்து, கடைசியில் சீமெந்தின் சாம்பல் நிறம் கண்ணை உறுத்துகிறது என்று லொறியின் பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றித் தேய்த்துக் கறுப்பாக்கினார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்து அலங்காரம் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வந்து பார்த்து அசந்துபோக வேண்டுமாம்.

அன்று காலை வேன் பிரதான வீதியிலிருந்து எங்கள் வீதிக்குத் திரும்பியபோது நான் பின் இருக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் குழி எங்கே வரும் என்று என் முதுகெலும்புக்குத் தெரியும். அது வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. வேன் வழுக்கிக்கொண்டு போனது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கறுப்புத் திட்டுகள் வெயிலில் மினுங்கின. கருகிய ஒயில் மணம் உள்ளே வந்தது. திரையில் மஞ்சள் விழுந்தது. பிறகும் மஞ்சள். ஊர் நெருங்க நெருங்க மஞ்சளுக்கு நடுவில் ஒரு பச்சைகூட விழுந்தது.

"மோசமான ரோட் எண்டு முறைப்பாடு வந்ததே," என்றார் சேர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பரவாயில்லையே."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, பார்க்காமலும் இல்லை. முன் கண்ணாடியில் ஒரு கணம் அவருடைய கண்களைக் கண்டேன். இது பூசி மெழுகியது சேர் என்று நான் சொன்னால், ஊருக்காகப் பேசுகிறவன் ஆவேன். என் வார்த்தை பட்ட அளவீடு எதுவும் பிறகு நிற்காது. பேசாமல் இருந்தால், என் கண்ணுக்கு முன்னாலேயே என் ஊர் வீதிக்கு மஞ்சள் எழுதப்பட்டுவிடும். கம்பியை விட்டுவிட்டு, சேர் சொன்னபடி அளவுகோலைப் பிடித்துக்கொண்டேன்.

வீதி முடிவில் மாமா வெள்ளைச் சட்டையும் சாரமும் தொப்பியுமாக நின்றார். பின்னால் பாதி ஊர். வேன் நின்றதும் கதவை அவரே திறந்தார்.

"வாங்க சேர், வாங்க! எப்பிடி எங்கட ரோட்டு? குலுக்கிச்சா?"

"இல்லை ஹாஜியார். குலுக்கேல்லை."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்குள்ளே பாய் விரித்துச் சஹன் வைத்திருந்தார்கள். சஹன் என்றால் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் பெரிய தாம்பாளம். சோற்றின் மேல் இறைச்சி, கோழி, வறுத்த கஜுப் பருப்பு. மாமி விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். சேர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மன்னிக்க வேணும் ஹாஜியார். அளக்கிற ரோட்டில இருக்கிற வீட்டில நாங்கள் சாப்பிடுறேல்லை."

"சாப்பாட்டுக்கும் ரோட்டுக்கும் என்ன சேர் சம்பந்தம்?"

"சம்பந்தம் வரக்கூடாது எண்டுதான். ஒரு கிளாஸ் தண்ணி தாங்கோ, போதும்."

எங்கள் பக்கத்தில் விரித்த பாயில் உட்காராமல் போவது என்பது சின்ன விசயம் இல்லை. மாமாவின் முகம் சிவந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தண்ணீர்க் கிளாஸை அவரே கொண்டுவந்து கொடுத்தார். பிறகு லொறிக் கொட்டிலுக்குள் போய்விட்டார். நான் பின்னால் போனேன்.

"உன்ட பெரியவர் எங்கட சோத்துல விசம் இருக்கிண்டா நினைக்கிறாரு?" என்றார், என்னைப் பார்க்காமல்.

சேரோடு பேசத்தான் எனக்குத் தடை. மாமாவோடு பேசத் தடை இல்லை. திரையில் விழுந்த நிறத்தைச் சொன்னேன். மஞ்சள் என்றால் என்ன என்று சொன்னேன். மேலே மெல்லிசாகத் தார் ஊற்றுவார்கள், வருகிற மாரிக்கு அது உரிந்துபோகும், அதற்குப் பிறகு எங்கள் வீதியை யாரும் பல வருடத்துக்குத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேன்.

"அப்ப நல்லா இருக்கிண்டு காட்டினது பிழையா?"

"டொக்டர் வாற நேரம் பார்த்து நோயாளிக்குப் பவுடர் பூசினா எப்பிடி மாமா?"

அவர் லொறியின் சில்லில் சாய்ந்துகொண்டார். கையில் ஒயில் கறை இன்னும் போகவில்லை. நகக்கண்களைப் பார்த்துக்கொண்டார். "நீ சொல்லேன் அவருக்கு," என்றார் கடைசியில், மெதுவாக.

"எனக்கு ஏலாது மாமா. நான் இந்த ஊர்."

"அப்ப யாரு சொல்றது?"

பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கூட்டிவந்த அத்தனை பேருக்கும் முன்னால், அவர் அழைத்த விருந்தாளியிடம், தன் கையால் செய்த வேலை ஏமாற்று வேலை ஆகிவிட்டது என்று அவரே சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அவர் பேச்சுக்கு மறு பேச்சு இருந்ததில்லை. அவர் கொட்டில் மூலையில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்தார்.

வீதியில் சேர் வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமா அலவாங்கோடு வருவதைக் கண்டு எங்கள் சாரதி இரண்டடி பின்னால் போனான். நானும் பயந்தேன்.

"சேர், இது நான் பூசினது," என்றார் மாமா. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "ஓடும் சிப்பியும் சீமெந்தும். மேல கழிவு ஒயில். நீங்க வாறீங்கண்டு செஞ்சது. கீழ ஒண்ணும் இல்ல, வெறும் சேறு. இந்தா, கிண்டிக் காட்டுறன்."

"வேண்டாம்! உடையாதேங்கோ." சேர் கையை நீட்டினார். "நீங்கள் காட்டுற இடத்தை நான் பார்க்கேலாது. சொன்னீங்கள்தானே, அது காணும். இனி மெசின் பார்க்கட்டும்."

துளைக்கும் இயந்திரத்தை இறக்கினோம். எந்த இடத்தில் துளைப்பது என்பதைக் கணினிதான் தெரிவு செய்யும். மனிதக் கை படக்கூடாது. கணினி சொன்ன இடத்தை நாடா பிடித்து அளந்து அடையாளம் போட்டபோது ஊரே நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. அடையாளம் ஒரு கறுப்புத் திட்டின் ஓரத்தில் விழுந்தது. ஓரத்தில்தான், ஒரு பாதம் தள்ளியிருந்தால் பழைய தாரில் விழுந்திருக்கும். இயந்திரம் கத்தியது. குழாயைத் தூக்கியபோது இந்தக் கல் வந்தது. அதன் அடிப்பகுதி வரவில்லை. துளைக்குள் தண்ணீர் ஊறி மேலே எழுந்தது, சோடாவில் எழுவதுபோலச் சின்னக் குமிழிகளோடு.

சேர் குந்தியிருந்து அந்தத் தண்ணீரையே பார்த்தார். பிறகு எழுந்தார். "இண்டையான் அளவீடு செல்லாது," என்றார். "மாரி முடிஞ்சு திரும்ப வருவம். அதுவரைக்கும் ஒருத்தரும் இந்த ரோட்டைத் தொடக் கூடாது. ஒரு குழியும் மூடக் கூடாது. மூடினால் திரும்பவும் செல்லாது. அடுத்த திட்டம் எப்ப எண்டு எனக்கே தெரியாது."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் மாமாவுக்குக் கடினமானவை. ஊர்க்காரருக்கு ஒன்றுதான் தெரிந்தது: கைக்கு வந்த புதுத் தாரை ஹாஜியார் வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார். பக்கத்து ஊர் வீதிக்குப் பூச்சு விழுந்து கறுப்பாக மினுங்கியதைப் பார்த்து எங்கள் பொடியன்மார் அவருக்குக் கேட்கக் கதைத்தார்கள். "ஹாஜியாருக்குக் குழிண்டா உசிரு." "குழி மேய்க்கிற ஹாஜியார்." மழை தொடங்கியதும் அவர் போட்ட திட்டுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து பழைய குழிகள் வாயைத் திறந்தன, முன்பைவிடப் பெரிதாக. யாராவது கல்லோ தேங்காய் மட்டையோ கொண்டுவந்து போட்டால் அவர் குனிந்து பொறுக்கி வெளியே எறிவார். அவருடைய லொறியே ஒரு தடவை அச்சு முறிந்து, வெங்காயம் வீதியில் கொட்டி நனைந்தது. நான் அலுவலகத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு செய்தியாகக் கேட்டேன். சேரிடம் போய்ச் சீக்கிரம் அளப்போம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்த மாரியில்தான் மாமாவின் மகளுக்கு நிக்காஹ். நாள் முன்பே குறித்தது, மாற்ற முடியாது. மாப்பிள்ளை மதுரங்குளிக்காரர், தகப்பன் கடை வைத்திருக்கும் மரியாதையான மனிதர். முதல் நாள் நான் வீட்டுக்குப் போனபோது மாமியும் மாமாவும் ஒருவரோடொருவர் பேசவில்லை. சமையலறை வாசலில் நின்று மாமி என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னாள்.

"வேனுக்கு மூடினாரே, பெத்த மகளுக்கு மூட ஏலாதாமா? மாப்புள்ள ஊட்டு ஆக்கள் சேத்துக்குள்ளாலயா வாறது?"

மாமா கதிரையில் இருந்தபடி நிலத்தைப் பார்த்தார். "வேனுக்கு மூடினதாலதான் மகளுக்கு மூடாம இருக்கிறன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்திருந்தால், மூடுங்கள் மாமா என்று நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பார்க்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் கார் பள்ளிவாசலுக்கு இந்தப் பக்கம் பெரிய குழியொன்றில் இறங்கி நின்றது. மாப்பிள்ளை காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். மாமா புதுச் சாரத்தோடு சேற்றுக்குள் இறங்கி, மற்றவர்களோடு சேர்ந்து காரைத் தள்ளினார். நானும் அவருக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் குடைக்குள் நின்று சிரித்தார். "ஹாஜியார், சீதனம் வேணாம்ண்டுதானே சொன்னோம்? அதுக்காகக் குழியா தாறது?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்தார். "மழை முடியட்டும் சம்பந்தி. இந்தக் குழியெல்லாம் சாட்சி. சாட்சிய மூடக் கூடாது."

மழை முடிந்தது. வேன் வந்தது. திரை முழுவதும் சிவப்பு விழுந்தது. கிளை வீதியைத் தோண்டி எடுத்து, ஓரத்தில் வடிகால் வெட்டி, கிரவலைப் புதிதாகப் போட்டு அடியிலிருந்து கட்டினார்கள். ஸ்பிரிங்க்ளர்களின் வாயைத் தோட்டப் பக்கம் திருப்பி வைக்கும்படி வீடு வீடாகச் சொன்னது மாமா. வேலை முடிந்து பத்திரத்தில் ஒப்பமிட்ட பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சேர் வேன் இல்லாமல், தன் சொந்தக் காரில், மனைவியோடு வந்தார். கேட்காமலே பாயில் உட்கார்ந்தார். சஹனில் கை வைத்தபடி, "அண்டைக்கு ஒயில் மணம் எனக்கும் வந்தது ஹாஜியார்," என்றார். "ஆனா மணத்தை அறிக்கையில எழுதேலாது. ஆராவது சொல்லவேணும். நான் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு காத்து நிண்டனான்."

மாமா வெடித்துச் சிரித்தார். மாமி உள்ளே இருந்து, "அப்பவே கேட்டிருந்தா சோறு வீணாகியிருக்காதே!" என்றாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். வீதிகளின் கதை முடிவதில்லை. நல்ல வீதியை நல்லதாக வைத்திருப்பதுதான் எங்கள் துறையில் எவருக்கும் விளங்கவைக்க முடியாத பாடம். குழிக்குப் பணம் வரும், வெடிப்புக்கு வராது. போன வாரம் மாமா தொலைபேசியில் அழைத்தார். வயது குரலில் ஏறியிருக்கிறது, சத்தம் குறையவில்லை.

"மருமகன், பள்ளிக்கு இந்தப் பக்கம் மெல்லிசா ஒரு வெடிப்பு. நகம் போகும், விரல் போகாது. நான் ஒண்ணும் தொடல்ல. அப்பிடியே இருக்கு."

அந்த ஒரு மயிர் வெடிப்பில் காய்ச்சிய தாரை ஊற்றி அடைத்தால் வீதி இன்னும் பல மாரி தாங்கும். விட்டால் தண்ணீர் இறங்கும். பிறகு நடப்பது எனக்கு மனப்பாடம். மேலிடத்தில் கேட்டேன். அந்த வீதி பச்சையில் இருக்கிறது, பச்சைக்கு என்ன அவசரம் என்றார்கள். மறுபடி கேட்டேன். பதில் வரவில்லை. வானொலியில் மழை சொன்னார்கள். மாமா தினமும் அழைத்து, ஆட்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டார், கடைசியில் அதே வார்த்தை: "நான் தொடல்ல."

நேற்று சேரிடம் போனேன். ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதங்கள் அவருக்கு. முழுவதையும் கேட்டார். இந்த முறை நான்தான் பேசினேன். என் ஊர் என்று தெரிந்துகொண்டே பேசினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பராமரிப்புக்கு எண்டு என்ர கையெழுத்தில செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. வெடிப்பு அடைக்கிறது அதுக்குள்ள வரும். சாமானோட ரெண்டு பேரை அனுப்பிறன். மாமா பக்கத்தில நிக்கட்டும். ஒண்டு மட்டும்: அடைச்ச இடத்தைச் சுத்தி வெள்ளைப் பெயின்ற் அடிச்சு, திகதி போடச் சொல்லும். மறைக்கக் கூடாது. அடுத்த முறை வாற வேனுக்குத் தெரியவேணும், இங்க கை பட்டிருக்கு எண்டு."

இன்று காலை வந்தபோது மேசையில் கல் வியர்த்திருந்தது. அடியில் வைத்திருந்த தாளில் ஈர வளையம். யன்னலுக்கு வெளியே வானம் மண்ணெண்ணெய்ப் புகை பட்ட சுவர் போல இருந்தது. மாமாவுக்கு அழைத்து, ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்றேன். அவர் ஏற்கெனவே வீதியில்தான் நின்றார். வெடிப்பில் ஒரு துளி விழாமல் லொறிப் படங்கை விரித்து, நான்கு மூலையிலும் ஆளை நிறுத்தியிருந்தாராம். ஒரு மூலையில் மதுரங்குளி மருமகன்.

"இப்ப தொடலாமா மருமகன்?" என்று கேட்டார்.

"தொடலாம் மாமா. தொட்ட இடத்தைக் காட்டணும், அவ்வளவுதான்."

மறுமுனையில் காற்றில் படங்கு படபடத்தது. மாமா யாரையோ பார்த்துக் கத்தினார்: "டேய், வெள்ளைப் பெயின்ற் எங்க? நல்லாத் தெரியிற மாதிரிப் பெரிசா அடிக்கணும்!"

கையைக் கல்லின் மேல் வைத்தேன். நனைந்தது. வெளியே முதல் துளி இன்னும் விழவில்லை.